பயப்பட ஓர் ஆள்

லாரியில் தனபாலுக்கு இருந்த ஒரே வேலை பயப்படுவது. ஸ்டியரிங் தானாகத் திரும்பும், கியர் தானாக விழும், முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் வேகமும் தானாகக் குறையும். இருபத்திரண்டு வருஷம் கையும் காலும் தேய லாரி ஓட்டிய மனுஷனைக் கேபினில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் ஒரு பெல்ட்டைக் கட்டி, நீ சும்மா பயந்துகொண்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். தனபாலும் முதலில் சிரிக்கத்தான் செய்தான்.

நாமக்கல் வரதம்மாள் ரோடுலைன்ஸில் அந்த வண்டிகள் வந்திறங்கிய அன்று, கண்ட்ரோல் ரூமிலிருந்து பிரமிளா என்ற பெண் வந்து டிரைவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கோபமே வராத முகம்.

"வண்டிக்குக் கண்ணு இருக்குது, காது இருக்குது. எதிர்ல மாடு வந்தா மாடுன்னு அதுக்குத் தெரியும். ஆனா அந்த மாடு மெரண்டு ஓடி வருதா, சும்மா மேய வருதான்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா உங்களாலயே சொல்ல முடியாதுங்கண்ணா. மனசு சொல்றதுக்கு முந்தி நெஞ்சு பதறிரும். கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒன்றரை செகண்டு முன்னாடியே பதறிரும். அந்த ஒன்றரை செகண்டைத்தான் இந்த பெல்ட்டு வாங்கி வண்டிக்குக் குடுக்குது. நீங்க பயந்தா வண்டி மெதுவாகும். அவ்வளவுதான்."

"அது சரீம்மா, பிரேக் பெடல் எங்க?" என்று கேட்டார் அர்த்தநாரி. கம்பெனியிலேயே மூத்த டிரைவர். திருச்செங்கோட்டுக்காரர், பேச்சில் ஆளை விழுங்கிவிடுவார்.

"எடுத்தாச்சுங்கண்ணா. இருந்தா, பயப்படாம மிதிச்சிருவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெடலுக்குப் பதிலாகச் சிவப்பாக ஒரு கைப்பிடி இருந்தது. அதை இழுத்தால் அத்தனை சக்கரமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். சமதரையில் பரவாயில்லை, நின்றுவிடும். மலை இறக்கத்தில் முப்பது டன் பாரத்தோடு இழுத்தால் வண்டி மடங்கி, டிரைவரோடு பள்ளத்துக்குப் போகும். பிறகு அது என்ன எழவுக்கு இருக்கிறது என்று அர்த்தநாரி கேட்டபோது பிரமிளா அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

கண்ணாடிக்குக் கீழே ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் டிரைவரின் பயம். நாற்பதைத் தாண்டினால் வண்டி நிதானிக்கும். பத்துக்குக் கீழே போனால், ஆள் தைரியமாக இருக்கிறார், பாதை நன்றாக இருக்கிறது என்று வண்டி எடுத்துக்கொண்டு தன்பாட்டுக்கு வேகம் பிடிக்கும்.

ஆறு மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எத்தனை நாளைக்குத்தான் பயம் வரும்? போன வாரம் கதிகலங்க வைத்த வளைவு இந்த வாரம் கொட்டாவி வரவைத்தது. ஆதிலாபாத் தாண்டி ஒரு காட்டு இறக்கத்தில், பட்டப்பகலில், அர்த்தநாரியின் வண்டி எழுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாறையில் மோதியது. கடைசியில் அவர் எண் மூன்று. மடி நிறையக் கடலைத்தோல் கிடந்ததாம். தின்றுகொண்டே செத்திருக்கிறார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனுஷன் சாகலாமா என்று நினைத்தபோதுதான் தனபாலுக்குத் தன் எண்ணின் நினைப்பு வந்தது. அடுத்த நடையில் தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால், டோல்கேட் தாண்டும்போது அதைப் பார்த்தான். ஒன்பது. எனக்கும் பயம் தீர்ந்துபோய்விட்டது, அர்த்தநாரி அண்ணன் போன வழியில் நானும் போகப்போகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் எண் பதினொன்றுக்கு மேல் ஏறவில்லை.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது வீட்டுப் போன்தான்.

லாரிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மலை இறங்குவதற்கு முன்னால் டிரைவர் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவான். இறங்கப்போகிறேன் என்று அர்த்தம். வீட்டிலிருந்து உடனே ஒரு ரிங் திரும்பி வரும். இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம், நிம்மதியாக இறங்கு என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். ரிங் நிற்காமல் முழுசாக அடித்தால்தான் எடுக்கவேண்டும். முழு ரிங் என்றால் வீட்டில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. வேறு எதற்கும், எத்தனை அவசரமானாலும், லாரிக்காரன் பெண்டாட்டி முழு ரிங் விடமாட்டாள். தனபாலுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முழு ரிங் வந்திருக்கிறது. அது அவன் அப்பா செத்த அன்று.

அன்றைக்குத் தொப்பூரில் அவன் ஒரு ரிங் விட்டான். திரும்பி வரவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தான். மறுபடி விட்டான். இல்லை. கூப்பிட்டுப் பார்த்தான், அடித்து அடித்து ஓய்ந்தது. எண் முப்பதானது, ஐம்பதானது, எழுபத்தொன்றில் போய் நின்றது. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, லாரி தொப்பூர் மலையை ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. அடிவாரம் வந்து இரண்டு நிமிஷம் கழித்து, கோகிலாவிடமிருந்து ஒரு ரிங் வந்தது.

"எங்கடி போன?" என்று கூப்பிட்டுக் கத்தினான்.

"மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேனுங்க. போன் கீழ கெடந்துச்சு" என்றாள் கோகிலா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

அதற்கடுத்த நடையில் கரன்ட் இல்லை, சார்ஜ் போடவில்லை என்றாள். அதற்கடுத்து ரேஷன் கடை. இப்படியே நாலு மாதம். எந்த மலையாக இருந்தாலும் இறங்கும்போது வீட்டுப் போன் ஊமையாகிவிடும். இறங்கியதும் பேசும். தனபால் ராத்திரி பகலாக அதையே நினைத்தான். அவளுக்கு ஏதோ நோய், மறைக்கிறாள். இல்லை, மகள் மிருதுளாவுக்கு ஏதோ. காலேஜுக்கு ஸ்கூட்டியில் போகிற பிள்ளை. ஒவ்வொரு மலையிலும் மனசுக்குள் அவன் மகளை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தான், ஒருமுறை சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். எட்டு கிலோ இளைத்தான். பிரமிளா போனில் கூப்பிட்டு, "உங்க அளவு ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்று பாராட்டினாள்.

ஆனி மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தான். இரண்டாம் நாள் மதியம் பக்கத்து வீட்டு மேகலா வந்து கோகிலாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் சசிகுமாரும் அதே கம்பெனி டிரைவர்தான். தனபால் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான். மேகலாவின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

சசி தொப்பூர் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று தனபால் நினைத்துக்கொண்டான். அடுத்த நொடி மேகலா திருப்பி அடிப்பாள். அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தான். மேகலா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் மறுபடி அடித்தது. மறுபடி. பிறகு நிற்காமல் அடித்தது.  கோகிலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் பத்து நிமிசம்தான் புள்ள. பொறுத்துக்கோ" என்றாள்.

தனபால் எழுந்து வாசல்படிக்கு வந்தான்.

"ஏம்மா, போனைத் திருப்பி அடிக்கலியா?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதியை மேகலா போனபிறகு கோகிலா சொன்னாள். அர்த்தநாரியின் காரியம் முடிந்த வாரம், பாதுகாப்புக் கூட்டம் என்று டிரைவர் வீட்டுப் பெண்களை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரமிளாதான் பேசினாளாம்.

"பயம் கொறைஞ்சுதான் அர்த்தநாரியண்ணன் போனாராமுங்க. உங்களுக்கும் ஒம்பது பத்துன்னுதான் இருக்குதாம். பயமுறுத்துற மாதிரி ஆபீசுல எத்தனையோ பண்ணிப் பாத்தாங்களாம், வீடியோ போட்டு, சத்தம் போட்டு. ரெண்டு நாள்ல எல்லாம் பழகிருதாம். உங்களுக்குப் பழகாதது நாங்கதானுங்களாம். மலை எறங்கறப்ப மட்டும் திருப்பி ரிங் விடாதீங்க, பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்னு சொல்லுச்சு. அர்த்தநாரியண்ணன் சம்சாரமும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. என்னையவே பாத்துட்டு இருந்தாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"நாலு மாசமா என்னைய உசுரோட கொளுத்திருக்கறியே."

"உசுரோட இருக்கறீங்கல்ல?" என்று கோகிலா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. "அந்தப் பதினஞ்சு நிமிசமும் போனை முன்னால வச்சுக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். நீங்க கூப்பிடக் கூப்பிடப் பாத்துக்கிட்டே. எனக்கு எத்தனை நம்பர் வரும்னு எந்தப் பெல்ட்டாச்சும் பாத்துச்சா?"

தனபாலுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வேலையை விட்டுவிடலாம். விட்டு எங்கே போவது? பெல்ட் இல்லாத லாரிக்கு இப்போது நெடுஞ்சாலையில் பர்மிட் கிடையாது.

கிளம்புகிற அன்று கோகிலா வண்டிவரை வந்தாள். கம்பெனி வாசலில், நாலு பேர் பார்க்க, அவன் சட்டைக்குமேல் பெல்ட்டைத் தொட்டுப்பார்த்துச் சொன்னாள். "தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி நெனைச்சுக்குங்க. நான் திருப்பி அடிக்கலைன்னா, எப்பவும்போலப் பயப்படுங்க. சரியா?"

"சரி" என்றான். அதை எப்படிச் செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

போகும்போது ஜவ்வரிசி லோடு, ஏற்றம்தான் அதிகம், பெரிய தொந்தரவில்லை. இந்தூரில் இறக்கிவிட்டு, கோழிப்பண்ணைகளுக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினான். வழியில் வந்த சின்னச் சின்ன இறக்கங்களில் எண் இருபது, பதினெட்டு, பதினைந்து என்று இறங்கிக்கொண்டே வந்தது. நாலு மாதமாகப் பயந்து பயந்து நெஞ்சு வற்றிப்போயிருந்தது. வற்றிய இடத்தில் இப்போது கோபம்தான் மிச்சம். எல்லாம் ஆபீஸ் வேலை. எதைப் பார்த்தாலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. கர்நூல் அருகே ரோட்டோரம் ஒரு கார் எரிந்துகொண்டிருந்தது. இதையும் அந்தப் பிரமிளாதான் கொளுத்தி வைத்திருப்பாள் என்று நினைத்தான். எண் எட்டு.

தொப்பூர் டோல்கேட்டைத் தாண்டும்போது காலை பதினொரு மணி. நல்ல வெயில். ஒரு ரிங் விட்டான். திரும்பி வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோகிலா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாவம் என்று தோன்றியது. பயம் வரவில்லை. எண் ஏழு.

வண்டி நாற்பது வேகத்தில் இறக்கத்துக்குள் நுழைந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. பின்னால் முப்பது டன் புண்ணாக்கு முதுகில் கைவைத்துத் தள்ளியது.

"பயப்படுடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கன்னத்தில் ஓர் அறை விட்டுக்கொண்டான். மிருதுளா ஸ்கூட்டியிலிருந்து விழுவதை நினைத்துப் பார்த்தான். நாலு மாதமாகத் தினமும் விழுந்த பிள்ளை, இன்றைக்கு விழமாட்டேன் என்றாள். எண் ஆறு. வேகம் அறுபத்திரண்டு.

இரண்டாவது வளைவுக்கு முன்னால் ரோட்டில் பச்சைத் தழை கிடந்தது. நாலைந்து வேப்பங்கிளைகள், வரிசையாக, முப்பது அடிக்கு ஒன்று. வண்டியின் கண்ணுக்கு அது வெறும் இலை. ஏறிப் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டது. ஆனால் எந்த லாரிக்காரனுக்கும் அது என்னவென்று தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன் வண்டி பழுதாகி நிற்கிறான். பின்னால் வருகிறவன் பார்த்து வரட்டும் என்று கிளை ஒடித்துப் போட்டிருக்கிறான்.

தனபாலின் மனசுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குத் தெரியவில்லை. இதையும் ஆபீஸ்காரன்தான் ஒடித்துப் போட்டிருப்பான் என்று நெஞ்சு சொன்னது. அப்படி இருக்காது, தழை வாடாமல் இருக்கிறது என்று மனசு கெஞ்சியது. எண் ஆறிலேயே நின்றது. வேகம் அறுபத்தெட்டு. சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தான். இழுத்தால் சாவு, இழுக்காவிட்டாலும் சாவு, இரண்டையும் இவ்வளவு அமைதியாக யோசித்துக்கொண்டிருக்கிறேனே என்று ஆச்சரியமாக இருந்தது. அர்த்தநாரி அண்ணனும் இப்படித்தான் இருந்திருப்பார்.

அப்போது போன் அடித்தது.

வீட்டு நம்பர். ஒரு ரிங். நிற்கும் என்று பார்த்தான். இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நாலு, ஐந்து.

முழு ரிங்.

உச்சந்தலையில் தொடங்கிய ஏதோ ஒன்று உள்ளங்கால்வரை சில்லென்று இறங்கியது. எண் முப்பது என்றது, அறுபது என்றது, தொண்ணூற்று நாலு என்றது. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை பிரேக் காற்று சீறிக்கொண்டு வெளியேற, லாரி முனகி, குலுங்கி, நாற்பதுக்கும் இருபதுக்கும் பன்னிரண்டுக்கும் வந்தது. வளைவு திரும்பியது. டாரஸ் லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்து நின்றது. அதற்கடியில் எவனோ படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. தனபாலின் வண்டி அந்தக் கால்களுக்கு ஒரு முழம் தள்ளி, நடக்கிற வேகத்தில், கடந்து போனது. அந்த ஆள் கால்களை மடக்கக்கூட இல்லை.

தனபால் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. போனைக் காதில் வைத்திருந்தான்.

"பாப்பாவா? கோகிலா, பாப்பாவா? சொல்லு!"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லித் தொலை புள்ள!"

"எறங்கிட்டீங்களா?" என்றாள் கோகிலா.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"மொதல்ல எறங்கிட்டீங்களான்னு சொல்லுங்க."

"எறங்கிட்டு இருக்கறேன். மெதுவாத்தான் போகுது. சொல்லு."

"பாப்பாவுக்கு ஒன்னுமில்லீங்க. காலேஜுல இருக்கறா. எனக்கும் ஒன்னுமில்ல. யாருக்கும் ஒன்னுமில்ல." அவள் அழத் தொடங்கினாள். "அந்தப் பிரமிளாப் புள்ள கூப்பிட்டுச்சு. உங்க நம்பரு ஆறுன்னு சொல்லுச்சு. நாங்க பண்றதுக்கு ஒன்னுமில்லீங்கக்கான்னு சொல்லி அதுவும் அழுதுச்சு. என்கிட்ட அது ஒன்னுதானுங்க மிச்சம் இருந்துச்சு. அடிச்சுட்டேன்."

 லாரி அடிவாரம் வந்துவிட்டது.  நீட்டிக்கிடந்த அந்த இரண்டு கால்களும் இப்போதுதான் தனபாலின் கண்முன் வந்தன. தான் உயிரோடு இருப்பதும், அந்த முகம் தெரியாதவன் உயிரோடு இருப்பதும் இவளால்தான் என்று புரிந்தது. இவளைப்போல் ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டான். அதோடு சேர்ந்து இன்னொன்றும் புரிந்தது.

"முழு ரிங்கை விட்டுட்டியே, புள்ள" என்றான்.

"ஆமாங்க."

"இனி நெசமாவே ஒன்னு நடந்துதுன்னா எப்படிச் சொல்லுவ? நீ கூப்பிட்டா, எனக்கு நம்பர் கொறைஞ்சிருச்சு, அதுக்குத்தான் கூப்பிடறேன்னு நெனைப்பேன்."

கோகிலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யோசித்தாள். லாரிக்காரன் பெண்டாட்டி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

"நெசமா ஏதாச்சும் ஆச்சுன்னா நான் கூப்பிடவே மாட்டேங்க. போன் சத்தமில்லாம இருந்துச்சுன்னா நீங்களாத் தெரிஞ்சுக்குங்க."

"சரி" என்றான் தனபால்.

அவள் வைத்துவிட்டாள்.

தொப்பூருக்குக் கீழே ரோடு நேராக, சமமாக, சேலம்வரை துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. வண்டி எண்பதில் போகலாம். தனபாலின் லாரி இருபதில் போனது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அமுக்கி, பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கடந்தான். ஓமலூர் வந்தது. இருபதுதான். எண் அறுபத்துமூன்றைவிட்டு இறங்கவில்லை.

கேபினில் பிரமிளாவின் குரல் வந்தது. "அண்ணா, ரோடு காலியாத்தானே இருக்குது? வண்டியிலயும் ஒரு கோளாறும் இல்ல. இன்னும் எதுக்குங்கண்ணா பயப்படுறீங்க?"

தனபால் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சத்தமில்லாமல் இருந்தது.